தனியார் பள்ளி ஆசிரியர்கள் சங்கம் வைத்து நிர்வாகத்தோடு கூட்டாகப் பேச முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சட்டக் கேள்வி. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கும் எங்களுக்கு இனிமேலாவது சங்கம் வைக்கவும், சம்பளம் பற்றிக் கூட்டாகப் பேசவும், தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்யவும் உரிமை உண்டா என்பது. ஆனால் கூடவே சில விவரங்களையும் எழுதியிருக்கிறீர்கள். மே மாதச் சம்பளம் தருவதில்லை. அசல் சான்றிதழ்கள் பள்ளி அலுவலகத்தில் இருக்கின்றன. சங்கம் என்று பேச்செடுத்த சக ஆசிரியர் ஒருவரை ஜூன் மாதம் 'இனி வர வேண்டாம்' என்று அனுப்பிவிட்டார்கள். 'வாத்தியார் தொழிலாளி இல்லை, தொழிலாளர் சட்டம் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது' என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் படித்தால் உங்கள் உண்மையான கேள்வி வேறு என்று தோன்றுகிறது: பத்துப் பேர் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், மறுநாள் எங்கள் வேலைக்கு எது பாதுகாப்பு?

தொழிலாளர் சட்டத்தில் பல ஆண்டுகளாக வழக்காடி வருகிறேன். அதில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களின் வழக்குகள் கணிசம். அந்த அனுபவத்தில் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கம் அமைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதில் ஐயம் வேண்டாம். நிர்வாகத்தோடு கூட்டாகப் பேசவும் எந்தத் தடையும் இல்லை. ஆனால் நிர்வாகத்தை மேசைக்கு இழுத்து வந்து உட்காரவைக்கும் சட்டக் கட்டாயம் உங்கள் விஷயத்தில் உறுதியாக இல்லை. வேலைநிறுத்தம்தான் இருப்பவற்றுள் ஆபத்தான வழி. தாளாளர் சொன்னதில் பாதி உண்மை. மற்ற பாதி தவறு. அந்தத் தவறான பாதியில்தான் உங்கள் பலம் இருக்கிறது.

உண்மையான பாதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனமும் தொழில் தகராறுகள் சட்டத்தின் பொருளில் ஒரு 'தொழில்'தான் என்று சொன்னது. அதற்கு முன் 1963இல் டெல்லி பல்கலைக்கழக வழக்கில் இதற்கு நேர்மாறான தீர்ப்பு இருந்தது. 1978 தீர்ப்புக்குப் பிறகு ஆசிரியர்களுக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு திறந்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். 1988இல் கோவாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை சுந்தராம்பாள் தொடுத்த வழக்கில் அந்த நம்பிக்கை முடிந்தது. பள்ளி ஒரு தொழில் நிறுவனமாக இருக்கலாம். ஆனால் ஆசிரியர் செய்வது உடலுழைப்பு, திறன், தொழில்நுட்பம், எழுத்தர் பணி, மேற்பார்வை என்ற எந்த வகையிலும் அடங்காது, எனவே அவர் 'தொழிலாளி' இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கற்பித்தல் ஓர் அறப்பணி, உயர்ந்த தொண்டு என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

இதன் நடைமுறை விளைவை உங்கள் பள்ளி வளாகத்திலேயே பார்க்கலாம். பள்ளி வேன் ஓட்டுநரைக் காரணமில்லாமல் நீக்கினால் அவர் தொழிலாளர் அலுவலரிடம் போகலாம், சமரசப் பேச்சு நடக்கும், அது தோற்றால் தீர்ப்பாயம் அவரை மீண்டும் வேலையில் அமர்த்த உத்தரவிடலாம். அலுவலக எழுத்தருக்கும் அப்படியே. அதே வேனில் வந்து இறங்கும் கணித ஆசிரியருக்கு அந்த வழி கிடையாது. அவருடைய பணி உயர்ந்தது என்று சொல்லியே அவருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறோம். இதை எத்தனை முறை நீதிமன்றத்தில் எதிர்கொண்டாலும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. மருத்துவமனைச் செவிலியரின் பணியும் உயர்ந்ததுதான். அவரை யாரும் தொழிலாளி இல்லை என்று வெளியே தள்ளவில்லை.

அதே தீர்ப்பின் பிற்பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நேர்மையற்ற நிர்வாகங்கள் ஆசிரியர்களைச் சுரண்டுவது தங்களுக்குத் தெரியும், அவர்களுக்குச் சமூக நீதியின் பலன்களை மறுக்க முடியாது, எனவே அவர்களுடைய குறைகளைத் தீர்க்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அந்த வேலையைச் சட்டமன்றங்களிடம் விட்டார்கள். சில மாநிலங்கள் அரைகுறையாகச் செய்தன. நாடாளுமன்றம் நினைத்தால் முடியும் என்பதற்குப் பணிக்கொடையே (கிராஜுவிட்டி) சாட்சி. 2004இல் அகமதாபாத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வழக்கில், பணிக்கொடைச் சட்டத்தின் பொருளில் ஆசிரியர் 'பணியாளர்' இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009இல் நாடாளுமன்றம் அந்த வரையறையைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு வரையறையைத் திருத்தியதும் நாடு முழுவதும் ஆசிரியர்களின் நிலை மாறியது. தொழில் உறவுச் சட்டத்திலும் இதே வேலையைச் செய்ய முடியும்.

செய்தார்களா? இல்லை. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தையும் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தையும் நிலையாணைச் சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தது. 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் உழைக்கும் பத்திரிகையாளர்களையும் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். ஆசிரியரைச் சேர்க்கவில்லை. 1988 தீர்ப்பு எந்தச் சொற்களை வைத்து எழுதப்பட்டதோ, கிட்டத்தட்ட அதே சொற்கள் புதிய தொகுப்பிலும் இருக்கின்றன. 32 ஆண்டுகளாகத் தெரிந்த இடைவெளியைத் தெரிந்தே விட்டுவிட்டார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தகராறு எழுப்புவது, சமரச அலுவலர், தீர்ப்பாயம் என்ற பாதை முன்பு போலவே இப்போதும் உங்களுக்கு மூடித்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

ஆனால் அந்த வரையறையின் கடைசியில் ஒரு காப்புரை இருக்கிறது. தொகுப்பின் மூன்றாம் அத்தியாயத்துக்கு மட்டும், அதாவது தொழிற்சங்கங்கள் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும், 'தொழிலாளி' என்றால் ஒரு வணிகத்திலோ தொழிலிலோ பணியமர்த்தப்பட்ட எல்லோரும் என்று அது சொல்கிறது. உடலுழைப்பா, எழுத்தர் பணியா என்ற சல்லடை அங்கே இல்லை. சங்கத்தைப் பதிவு செய்வது இந்த அத்தியாயத்தில்தான் வருகிறது: குறைந்தது 7 பேர் விண்ணப்பிக்க வேண்டும், நிறுவனத்தில் அல்லது அந்தத் தொழிலில் வேலை செய்வோரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 'பேச்சுவார்த்தைச் சங்கம்' என்ற புதிய ஏற்பாட்டைச் சொல்லும் 14ஆம் பிரிவும் இதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. பல சங்கங்கள் உள்ள இடத்தில் பணியாளர் பட்டியலில் 51 சதவீதத்தினரின் ஆதரவு பெற்ற சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். எதற்கும் அந்த ஆதரவு இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் பேச மறுப்பதை நேர்மையற்ற தொழிலாளர் நடைமுறை என்று தொகுப்பின் அட்டவணை பட்டியலிடுகிறது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், ஆசிரியர் சங்கம் ஒன்று பேச்சுவார்த்தைச் சங்கமாக அங்கீகாரம் கேட்கலாம் என்ற வாதத்துக்குச் சட்டத்தின் எழுத்திலேயே இடமிருக்கிறது. இது என்னுடைய வாசிப்பு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அங்கீகாரம் கிடைத்தாலும் தகராறு எழுப்பும் அத்தியாயம் உங்களுக்குப் பொருந்தாதே, பிறகு அந்த அங்கீகாரத்தை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பார். அது நியாயமான கேள்விதான். நீதிமன்றம் தீர்த்துச் சொல்லும்வரை இதை நம்பி ஒருவரின் வேலையைப் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு தடையும் உண்டு. 'தொழில்' என்பதிலிருந்து, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணி, சமூகப் பணி, தொண்டு செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைப் புதிய தொகுப்பு விலக்கிவைத்திருக்கிறது. தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை அறக்கட்டளையோ பதிவுபெற்ற சங்கமோ நடத்துபவை. நாங்கள் அறக்கட்டளை, எனவே நாங்கள் தொழிலே இல்லை என்பதுதான் நிர்வாகத்தின் முதல் பதிலாக இருக்கும். கட்டணம் வாங்கி நடத்தும் பள்ளி உண்மையில் தொண்டு செய்கிறதா என்பது அதன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, வழக்குக்கு வழக்கு முடிவு செய்ய வேண்டிய விஷயம். பழைய சட்டத்தில் 'தொழில்' என்பதன் பொருள் 2017இல் 9 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்த அமர்வு எப்படிச் சொன்னாலும், புதிய தொகுப்பின் விலக்கு தனிச் சொற்களில் எழுதப்பட்டிருப்பதால் அதற்குத் தனியாகப் பொருள் காண வேண்டியிருக்கும்.

வேலைநிறுத்தம் பற்றி நான் ஏன் எச்சரிக்கிறேன் என்றால், சட்டத்தின் சொற்கள் இந்த இடத்தில் உங்களுக்கு எதிராகவே நிற்கின்றன. பாதுகாப்பு தரும் பிரிவுகள் 'தொழிலாளி' என்ற குறுகிய சொல்லைப் பயன்படுத்துகின்றன. வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தும் 62ஆம் பிரிவோ, தொழில் நிறுவனத்தில் பணிபுரியும் 'எந்த நபரும்' முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்கிறது. வேலைநிறுத்தத்துக்கு முந்தைய 60 நாட்களுக்குள் அறிவிப்பு தர வேண்டும். தந்தபின் 14 நாட்கள் கழிய வேண்டும். சமரசம் நடக்கும்போது கூடாது. பழைய சட்டத்தில் இப்படிப்பட்ட முன்னறிவிப்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் இருந்தது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ திட்டமிட்டுத் தற்செயல் விடுப்பு எடுப்பதும் இப்போது வேலைநிறுத்தக் கணக்கில் வருகிறது. பாதுகாப்பு கிடைக்காது, கட்டுப்பாடு மட்டும் பொருந்தலாம் என்ற நிலையில் ஆசிரியரைக் கொண்டுபோய் நிறுத்துவது எந்த வகையிலும் நியாயம் இல்லை. அரசியலமைப்பும் இதில் உதவாது. சங்கம் அமைப்பது 19ஆம் உறுப்பின் கீழ் அடிப்படை உரிமை; ஆனால் கூட்டுப் பேரமும் வேலைநிறுத்தமும் அந்த உரிமைக்குள் தாமாக அடங்கா என்று 1961இலேயே வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப் பேர உரிமையையும் வலியுறுத்தும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆசிரியரின் ஊதியமும் பணி நிலைமைகளும் அவர்களுடைய அமைப்புகளோடு பேசி முடிவு செய்யப்பட வேண்டும் என்று 1966இல் அந்த அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து பரிந்துரைத்தன; அது பரிந்துரைதான், நீதிமன்றத்தில் அதை வைத்து உத்தரவு வாங்க முடியாது.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கும் சட்டத்தில் கூட்டுப் பேர உரிமை இல்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வேலையிலிருந்து நீக்கியதும், ரங்கராஜன் வழக்கில் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆனாலும் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவோடு அரசு பேசுகிறது. அதன் கோரிக்கைகளை எந்தக் கட்சியும் ஒதுக்கிவிட்டுப் போக முடிவதில்லை. அங்கே பேரத்தை நடத்துவது எண்ணிக்கை. உங்கள் பள்ளியில் இருபது முப்பது பேர். அந்த எண்ணிக்கை போதாது. எனவே நீங்கள் வேறு இடத்திலிருந்து பலம் திரட்ட வேண்டும்.

அந்த இடம் என்று நான் சொல்வது, ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனித்தனியாக ஏற்கெனவே உள்ள, சந்தேகமே இல்லாத உரிமைகள். பத்துப் பேர் தொடர்ந்து பணிபுரியும் பள்ளியில் 5 ஆண்டு முடித்த ஆசிரியருக்குப் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கு. இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் வருங்கால வைப்பு நிதி கட்டாயம். பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு கட்டாயம். ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவுப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி முழுவதும். இந்தக் கடைசி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: 1996இல் ஹரியானா வழக்கு ஒன்றில், குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய தொகுப்பில் 'பணியாளர்' வரையறை நிர்வாகப் பணி, மேலாண்மைப் பணி என்று விரிந்திருப்பதால் ஆசிரியரும் உள்ளே வருவார் என்பது என் கருத்து. பள்ளிகள் அதை எதிர்ப்பார்கள்.

வேலைநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் ஆசிரியரை நீக்குவதற்கு முன் கல்வித்துறையின் ஒப்புதல் வேண்டும் என்று வைத்திருந்தது. மெட்ரிக் பள்ளிகள் தனி விதித் தொகுப்பின் கீழ் இருந்தன. இப்போது 2018ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் தனியார் பள்ளிகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. எனவே பழைய தீர்ப்புகளை நம்பிப் போகாமல், புதிய சட்டத்தின் பிரிவையும் விதியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில், உதவி பெறாத நிறுவனங்களின் ஊழியர்களும் முறையிட மாவட்ட நீதிபதி நிலையில் தீர்ப்பாயம் வேண்டும் என்று 11 நீதிபதிகள் சொன்னார்கள். டெல்லியில், தனியார் பள்ளி ஊழியரை நீக்க அரசின் முன் ஒப்புதல் தேவை என்ற சட்டப்பிரிவு உதவி பெறாத பள்ளிகளுக்கும் பொருந்தும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். 2022இல் செயின்ட் மேரீஸ் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, வெறும் பணி ஒப்பந்தத் தகராறுக்கு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு எதிரான ரிட் நிற்காது. உரிமையியல் நீதிமன்றத்தில் பொதுவாக இழப்பீடுதான் கிடைக்கும்; மீண்டும் வேலை கிடைப்பது அரிது. எனவே மாநிலச் சட்டத்தின் மேல்முறையீட்டு வழியைக் கால வரம்புக்குள் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியே அனுப்பப்பட்ட உங்கள் நண்பர் இதை உடனே பார்க்க வேண்டும். வாய்மொழியாக 'வர வேண்டாம்' என்றார்கள் என்றால், 'நான் பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன், என்னை அனுமதிக்கவில்லை' என்று தேதியோடு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் போகட்டும். இல்லையென்றால், அவரே வேலையை விட்டுப் போனார் என்று பிறகு சொல்வார்கள்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். உங்கள் பள்ளிக்குள் மட்டும் சங்கம் வைக்காதீர்கள். உங்கள் மாவட்டத்தின் பல பள்ளி ஆசிரியர்களைச் சேர்த்து ஒரே சங்கமாக வையுங்கள். பொறுப்பாளர்கள் எந்த ஒரு தாளாளரின் கைக்கும் முழுதாக அகப்பட மாட்டார்கள். முடிந்தால் தொழிற்சங்கமாகவே பதிவு செய்ய விண்ணப்பியுங்கள். சங்க நடவடிக்கைக்காகத் தொடுக்கப்படும் வழக்குகளிலிருந்து புதிய தொகுப்பின் தொழிற்சங்க அத்தியாயம் தரும் காப்பு, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்புக்குக் கிடைக்காது. பதிவாளர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், அதற்கு மேல்முறையீடு உண்டு.

முதல் கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை இருக்கட்டும்; மே மாதச் சம்பளமே போதும். பெயர்களை அகர வரிசையில் அடுக்கிக் கையெழுத்திடுங்கள், முதலில் போட்டவர் யார் என்று தேடுவதற்கு இடம் இருக்காது. கடிதத்தில் கோபம் வேண்டாம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை ரூபாய் என்பது மட்டும் இருக்கட்டும். அதற்கு முன் ஒவ்வொருவரும் தன் வைப்பு நிதிக் கணக்கை இணையத்தில் திறந்து, எந்தச் சம்பளத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்கும் சம்பளம் ஒன்று, கையில் தரும் சம்பளம் வேறு என்ற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. நிர்வாகத்தை வேகமாகப் பேச வைப்பது அந்த வேறுபாடுதான். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, கட்டணம் நிர்ணயிக்கும் குழுவிடம் பள்ளி தன் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். அதில் ஆசிரியர் ஊதியம் பெரிய தலைப்பு. பெற்றோரிடம் கட்டணம் கேட்கும்போது எவ்வளவு சம்பளம் தருவதாகக் காட்டினார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கிடைத்தால் அதைவிட வலுவான ஆவணம் வேறு இல்லை.

பேச்சில் உடன்பாடு ஏற்பட்டால் கைகுலுக்கலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். தொழிலாளர்களுக்கு ஒப்பந்தத்தைச் சட்டமே கட்டாயமாக்கித் தரும். உங்களுக்கு அது உறுதியில்லை. ஆகவே ஒத்துக்கொண்ட ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆசிரியரின் நியமன ஆணையிலும் திருத்தமாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டாகப் பேசியது அப்போது தனித்தனி ஒப்பந்தமாகிவிடும். அதை மீறினால் சம்பள பாக்கிக்கு உரிமையியல் நீதிமன்றம் போதும். சான்றிதழ்களைத் திரும்பக் கேட்டு எல்லோரும் ஒரே நாளில் தனித்தனிக் கடிதம் கொடுங்கள், தரவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்புங்கள். பிறர் ஆவணத்தைப் பிடித்துவைக்க நிர்வாகத்துக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை.

உங்கள் நியமன ஆணையைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: நீங்கள் தகுதிகாண் காலத்தில் இருக்கிறீர்களா, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தமா, நிரந்தரப் பணியா என்பது. மே மாதம் சம்பளம் இல்லை, ஜூனில் புது ஆணை என்ற வழக்கம் பெரும்பாலும் பணித் தொடர்ச்சியை உடைப்பதற்காகவே இருக்கிறது. பணிக்கொடையையும் அது பாதிக்கலாம். கடிதம் எழுதும் முன் எல்லோருடைய ஆணைகளையும் ஒன்றாக வைத்து அந்தத் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி இடைவெளி எல்லாருக்கும் இருந்தால், அதைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு அந்த முதல் கடிதத்தோடு இணையுங்கள்.